முட்டைப் பெட்டியும் பிரான்ஸ் கோட்டும்

கீழவாஞ்சூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் நூருல் அமீனுக்கு உன் உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் இரண்டு முழங்கால்களும் இங்கே நலம், நீயும் மருமகள் அஃப்ராவும் பேத்தி நௌஷினும் அந்தப் பனியில் சளி பிடிக்காமல் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அஃப்ராவிடம் சொல்லிச் சிரிப்பாய், தெரியும். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, இரண்டு வார்த்தை சொல்வதற்குள் மாத்திரை போட்டீங்களா உம்மா என்று குறுக்கே விழுகிறாய். தாளில் குறுக்கே விழ முடியாது, முழுவதையும் படித்தே ஆக வேண்டும்.

விஷயம் அந்த முட்டைகள்தான். நம் சாம்பல் கோழியை மாடிப்படிக்கு அடியில் ஒன்பது முட்டைகளோடு அடைக்கு உட்கார வைத்திருந்தேன், இருபத்தோரு நாளில் பாதி கடந்த பிறகு தெருநாய் கோழியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அழாத குறையாக உன்னிடம் வீடியோவில் சொன்னேன். ஆறுதல் சொல்வாய் என்று பார்த்தால், முட்டையத் தூக்கிப் போடுங்க உம்மா, இந்த வாடைக் காத்துல உங்களையே உங்களால பார்த்துக்க முடியல, முட்டையப் பார்த்துக்கப் போறீங்களா, பேசாம டிக்கெட் போடுறேன் கிளம்பி வாங்க என்றாய். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவள்தான், கடலை மடித்து வந்த பேப்பரைப் படித்துப் படித்தே எழுத்துக் கற்றவள்தான், அதற்காக முட்டைக்கும் லாயக்கில்லாதவளா? அதனால்தான் நிபந்தனை போட்டேன். பந்தயம் ஹராம், இது நிபந்தனை. குஞ்சு பொரித்தால் பிரான்சுக்கு வா என்கிற பேச்சை இனி நீ எடுக்கக் கூடாது, பொரிக்காவிட்டால் நான் வாயைத் திறக்காமல் விமானம் ஏறிவிடுகிறேன். நீ சிரித்துக்கொண்டே சரி என்றாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மீன்காரரிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி மீன் வாடை போகக் கழுவி, பழைய துணி விரித்து, முட்டைகளை அடுக்கி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். நௌஷின் இங்கே வந்திருந்தபோது காய்ச்சல் பார்த்த தர்மாமீட்டரையும் உள்ளே வைத்தேன். பாதரசம் அசையவே இல்லை. உதறி உதறி வைத்தேன், அப்போதும் அசையவில்லை. தர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று என் அக்குளில் வைத்துப் பார்த்தால் ஒழுங்காக ஏறுகிறது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அல்லி வந்தாள், பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள், பெரியம்மா இது எல்இடி பல்பு, வெளிச்சம் குடுக்குமே தவிர சூடு குடுக்காது, முட்டையெல்லாம் உள்ள உக்காந்து பாடம் படிக்கப் போவுதா என்றாள். எனக்கு வந்த கோபம் அல்லி மேல் இல்லை, உன் மேல். போன தடவை வந்தபோது ஏணி போட்டு ஏறி, கரண்டு மிச்சம் உம்மா என்று வீட்டிலிருந்த குண்டு பல்பையெல்லாம் கழற்றிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டவன் யார்?

அல்லி முட்டைகளைத் துணியில் சுற்றி, வெந்நீர்ப் பாட்டிலோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஆட்டோ பிடித்துக் காரைக்கால் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரப் பையன், அதெல்லாம் இப்ப வர்றதே இல்லம்மா, மியூசியத்துல கேட்டுப் பாருங்க என்கிறான். வெறுங்கையோடு திரும்பி வந்தால் அல்லியின் புருஷன் ராஜ்மோகன் தன் வீட்டுப் பரணைக் குடைந்து ஒரு குண்டு பல்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டிருந்தான். எதையும் எறியாமல் சேர்த்து வைக்கிறான் என்று அல்லி அவனைத் திட்டாத நாளில்லை, அன்று மட்டும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அதன் பிறகு பாதரசம் நான் சொன்ன இடத்தில் நின்றது. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் கண்ணுக்கிடும் சுர்மாவால் புள்ளி வைத்து, ஐந்து வேளைத் தொழுகை முடிந்ததும் ஐந்து தடவை புரட்டினேன். எந்த மிஷினுக்கு இந்த ஒழுங்கு வரும்? இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று அல்லி ஓர் ஆணியும் கரித்துண்டும் கொண்டுவந்து போட்டாள். அடுப்புக்கரி யாரிடமும் இல்லையாம், துறைமுகத்து லாரியிலிருந்து ரோட்டில் விழுந்த நிலக்கரி. இதெல்லாம் எதுக்கு புள்ள, அல்லாஹ் பார்த்துப்பான் என்றேன். அவரு பார்க்கட்டும், ஆணியும் ஒரு பக்கமா கெடக்கட்டும் என்றாள். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்த மழை. காலையில் போன கரண்டு மறுநாள் சாயங்காலம் அஸர் வரை வரவில்லை, ஊதல் காற்று கதவிடுக்கில் புகுந்து எலும்பைத் தொட்டது. என்னை விமானத்தில் ஏற்றுவதற்கென்று நீ அனுப்பிய கோட்டு பீரோவில் பிரிக்காமல் கிடந்தது, உள்ளே வாத்து இறகு அடைத்திருக்கிறது என்று அஃப்ரா சொன்னது ஞாபகம் வந்தது. வெந்நீர்ப் பாட்டில்களைப் பெட்டிக்குள் முட்டைகளைச் சுற்றி வைத்து, காற்றுப் போக ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுப் பெட்டியைக் கோட்டுக்குள் நுழைத்து ஜிப்பை இழுத்தேன். தண்ணீர் ஆற ஆற மாற்றினேன். அல்லி பார்த்துவிட்டு, பெரியம்மா, பாரீசுக்கு உங்களுக்கு முன்னாடி முட்டை கெளம்பிடுச்சே என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்று மட்டும், எந்தெந்தச் சேலையை எடுத்துக்கொள்வது, வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று மனதுக்குள் ஒரு முறை யோசித்துப் பார்த்தேன். இதை அஃப்ராவிடம் சொல்லாதே.

போன வாரம் மதியம் லுஹர் தொழுதுவிட்டு எழுந்தபோது பெட்டிக்குள் கீச்சென்று ஒரு சத்தம். மறுநாளைக்குள் நான்கு குஞ்சுகள். ஐந்து முட்டை பொரிக்கவில்லை, அவை உன் எல்இடி பல்பின் கணக்கில். ஒன்பதுல நாலுன்னா பாதிகூட இல்லையே உம்மா என்று போனில் இழுத்தாய். எத்தனை பொரிக்க வேண்டும் என்று நிபந்தனையில் சொன்னேனா? ஒன்று பொரித்திருந்தாலும் ஜெயித்தது நான்தான். கோட்டை இனி யாரும் போட முடியாது, குஞ்சுகள் அதற்குள்தான் தூங்குகின்றன, வாசனையும் அப்படி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று நீ பேசினாய், மழையைக் கேட்டாய், மாத்திரையைக் கேட்டாய், குஞ்சுகளைக்கூடக் கேட்டாய், சலாம் சொல்லி வைத்துவிட்டாய். எப்ப வர்றீங்க உம்மா என்று கடைசியில் எப்போதும் கேட்பாயே, அது வரவே இல்லை. சொன்ன சொல்லை இத்தனை கெட்டியாகப் பிடித்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை, இந்தப் பிடிவாதம் உன் வாப்பா வழி, என் வழி இல்லை.

உனக்கும் அஃப்ராவுக்கும் நீண்ட ஆயுளும், வீட்டில் பரக்கத்தும், நௌஷினுக்கு நல்ல படிப்பும் அல்லாஹ் தருவானாக. அவள் காதை மூடித் தொப்பி போடு. நிபந்தனையில் ஒரு சின்னத் திருத்தம் செய்திருக்கிறேன், மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஒரு தடவை கேள். வரமாட்டேன் என்றுதான் சொல்வேன், ஆனாலும் கேள்.

உன் உம்மா,
கமருன்னிசா