பூஜா வீட்டுக்குப் போன பிரியாணி

நான் கத்தும்போதெல்லாம் சிரித்தே என்னை அடக்கிய என் ஹாஜிராவுக்கு,

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் நஸ்ரீன் மறுபடியும் பள்ளிக்குப் போகிறாள். தனியாக இல்லை, கூட இன்னொருத்தியையும் இழுத்துக்கொண்டு போகிறாள். ஜெயித்துவிட்டோம், ஹாஜிரா!

ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டே நீ ஆரம்பித்த பெற்றோர் குழு, நீ போனதும் என் தலையில் விழுந்தது. "செல்விக்குத்தான் வாய் ஜாஸ்தி, அவளே பாத்துக்கட்டும்" என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் முன்னால் வடக்கே ஒரு ரயில் கவிழ்ந்தது. நாடே டிவி முன்னால் உட்கார்ந்து அழுதது. நம் பள்ளிச் சுவரை ஒட்டித்தானே தண்டவாளம் போகிறது? வண்டி வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிக் கையாட்டுவார்கள், டீச்சர்கள் எவ்வளவு திட்டினாலும் நிறுத்தமாட்டார்கள். அது ஒரே நாளில் நின்றுபோனது. ஹாரன் சத்தம் கேட்டால் சின்னதுகள் காதைப் பொத்திக்கொண்டன. ஒரு பையன் பெஞ்சுகளை வரிசையாக வைத்துக் கவிழ்த்து விளையாடினான். விளையாட்டா அது? பார்த்த டீச்சர் ஓடிவந்து பெஞ்சுகளை நிமிர்த்தி வைத்தாராம்.

அந்தக் காட்சியெல்லாம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேள். நம் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்துதான். வீடியோ மேல் வீடியோ. எனக்கு வந்ததே கோபம்! ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "இன்னாங்க இது? இந்த போனு நம்ம கைய உட்டு நேரா புள்ளைங்க கைக்குத்தான் போவுது. இன்னொரு வாட்டி யாரு வீடியோ போட்டாலும் குரூப்ல இருந்து தூக்கிடுவேன். எனக்குச் சொந்தம் பந்தம் கிடையாது." சில பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். வீட்டுப்பாடம் என்ன என்று கேட்டுக்கொண்டு மறுநாளே திரும்பி வந்தார்கள்.

ஆனால் நஸ்ரீன் பள்ளிக்கு வரவில்லை. உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ரயிலில்தான். பிளாட்பாரத்தில் நின்று உனக்குக் கையாட்டியவள் அவள். நீ திரும்பி வராத பிறகும் அவள் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அழமாட்டாள், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஆனாலும் வந்தாள். இந்தச் செய்தியைப் பார்த்த பிறகு தண்டவாளத்தைத் தாண்டமாட்டேன் என்று போர்வைக்குள் புகுந்துகொண்டாள். உன் வீட்டுக்காரர் பாவம், உடைந்துபோய்விட்டார். "இந்த வருஷம் ஊட்லயே இருக்கட்டும்மா செல்வி, அவளப் பேஜார் பண்ண வேணாம்" என்றார்.

ஆறாம் வகுப்போடு உன் மகளின் படிப்பு நிற்பதா? மகளைப் படிக்கவைக்கத்தானே நீ ஓவர்டைம் பார்த்தாய்? எனக்குத் தூக்கமே போய்விட்டது.

சனிக்கிழமை பள்ளி வராந்தாவில் கூட்டம் போட்டேன். பிள்ளைகள் பயந்துபோயிருக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டேன். மெழுகுவத்தி ஏற்றலாம் என்றார் ஒருவர். மௌன அஞ்சலி என்றார் இன்னொருவர். கேட்டில் ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்று ஒரு குரல் வந்தது. உடனே அதில் யார் பெயர் முதலில் போடுவது என்று தகராறு. செத்தவர்களுக்கு வைக்கிற பேனரில் கூட நம் ஆட்களுக்குத் தங்கள் போட்டோ வேண்டும்! கடைசியில் மெழுகுவத்தி என்று முடிவாயிற்று.

அதைச் சொல்லி நஸ்ரீனை அழைக்க உன் வீட்டுக்குப் போனேன். போர்வைக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலையை மட்டும் நீட்டினாள்.

"செல்விம்மா, பூஜா ஊட்டுக்கு யாரு சோறு குடுத்தாங்க?"

பூஜாவை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்து சேர்ந்தவள், நஸ்ரீனோடு ஒரே பெஞ்ச். அவள் அப்பா நம் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறார், வடக்கத்திக் குடும்பம். கட்டிங் செக்ஷனில் இருந்த அவள் மாமா ஊருக்குப் புறப்பட்டது அந்த ரயிலில்தான். விபத்தில் அவர் போய்விட்டார். கம்பெனி முழுக்க எல்லோருக்கும் அது தெரியும். இருந்தும் நாடு நாடு என்று டிவியைப் பார்த்து அழுதோமே தவிர, தோல் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒற்றை அறையை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நீ போனபோது உன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெருவே சோறு கொண்டுவந்தது, என் வீட்டிலிருந்தும் ரசம் போயிற்று. யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று அந்தக் குழந்தை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், ஹாஜிரா. நாங்கள்தான் அவளைக் கவனிக்கவில்லை.

மெழுகுவத்தியை மூட்டை கட்டினேன். "பூஜா வீட்டுக்குச் சாப்பாடு" என்று குரூப்பில் போட்டேன். அடுத்த கூத்தைக் கேள். சாப்பாடு என்று சொன்னால் ஆம்பூர்க்காரனுக்கு என்ன தோன்றும்? நம் குழுவில் பிரியாணி மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், ஏழாம் வகுப்புப் பையனின் அப்பா. மறுநாள் காலையிலேயே விறகை மூட்டிவிட்டார். ஒரு அண்டா மட்டன் பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, தயிர் பச்சடி. கல்யாணத்துக்கும் பிரியாணி, தேர்தலுக்கும் பிரியாணி, துக்கத்துக்கும் அதேதான். எனக்காவது புத்தி வேண்டாமா? நானும் நின்று தம் உடைப்பதைப் பார்த்துவிட்டு, "வாசன தூக்குது மாஸ்டர்" என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

அண்டாவோடு கிளம்பிய எங்களில் யாருக்கும் இந்தியும் தெரியாது, உருதும் தெரியாது. பூஜாவின் அம்மாவிடம் யார் பேசுவது? மறுபடியும் போர்வையிடம் போனேன். "உன் உருது இல்லன்னா நாங்க அங்க ஊமைங்கதான்டி. நீ வந்தே ஆவணும்" என்றேன். கெஞ்சவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். அவள் எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். ரயில்வே கேட் பக்கத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தாள், விரல் வலித்தது. தண்டவாளத்தைத் தாண்டினோம். தாண்டிய பிறகுதான் நான் மூச்சுவிட்டேன்.

அண்டாவைத் திறந்ததும் பூஜாவின் அம்மா பதறிப்போய் இரண்டு கையையும் கூப்பினாள். நஸ்ரீன் கேட்டுச் சொன்னாள். "காரியம் முடியற வரைக்கும் கறி, மசாலா எதுவும் தொடமாட்டாங்களாம் செல்விம்மா. பழம் குடுத்தா சாப்புடுவாங்களாம்." மாஸ்டரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார். என்னையறியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டு வாசலில் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்தினால், அந்த அம்மாவும் அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

பிரியாணி வீணாகிவிட்டதோ என்று பதறாதே. கம்பெனி கேட்டில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் அண்டாவை வழித்துவிட்டார்கள். குரூப்பில் பழம் என்று போட்டேன். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், ஆளுக்கொரு வாழைப்பழம், கொய்யா, சாத்துக்குடி. பெஞ்சைக் கவிழ்த்து விளையாடினானே, அவன் ஒரு முழுப் பலாப்பழத்தை அப்பா தலையில் தூக்கிவைத்துக் கூட்டிவந்தான். கொடுத்துவிட்டு, பூஜா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். அவ்வளவு போதும் என்பது எங்களுக்கே அப்போதுதான் புரிந்தது.

நான் இந்தக் கடிதம் எழுதுவதே இதைச் சொல்லத்தான். எல்லோரும் போன பிறகு நஸ்ரீனும் பூஜாவும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பூஜா எதையும் தொடவில்லை. உன் மகள் ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் வைத்தாள். உருதும் தமிழுமாகக் கலந்து சொன்னாள்.

"கொஞ்ச நாள் போனா உனக்குப் பசிக்கும். பசிச்சா சாப்புடு. தப்பில்ல. அம்மா போனப்ப எனக்கும் பசிச்சிச்சி. யாருக்கும் தெரியாம அழுதுட்டு, அப்புறம் சாப்ட்டேன்."

அம்மா என்ற சொல்லை நீ போன பிறகு அன்றுதான் அவள் வாயிலிருந்து கேட்டேன். சொல்லி முடித்ததும் ஓவென்று அழுதாள். பூஜாவும் அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. பிறகு மூன்று பேருமாக அங்கிருந்த வாழைப்பழங்களைக் காலிசெய்தோம்.

காரியம் முடிந்த திங்கட்கிழமை இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு பள்ளிக் கேட்டுக்குள் நுழைந்தார்கள். மணியடிக்கும் நேரத்துக்கு பெங்களூர் வண்டி வந்தது. ஒருவரும் ஜன்னல் பக்கம் போகவில்லை. உன் மகள்தான் முதலில் கையைத் தூக்கி ஆட்டினாள். அப்புறம் கேட்க வேண்டுமா? பள்ளியே கத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடியது. ஹெச்எம் திட்டவில்லை, அவரும் ஒரு கையை லேசாகத் தூக்கியதை நான் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் பிள்ளைகளை அமிர்தி ஜூவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். பஸ் வைக்கலாம் என்றேன். "காட்பாடி வரைக்கும் ரயில்லயே போலாம் செல்விம்மா. எனக்கு ஜன்னல் சீட்" என்றாள் நஸ்ரீன்.

ஜன்னல் சீட் அவளுக்குத்தான், ஹாஜிரா, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நாட்டில் எந்தத் துக்கம் வந்தாலும், அது நம் பிள்ளைகளில் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது என்றுதான் இனி முதலில் பார்ப்பேன். உன் மகளை, அவள் உன்னைக் கையாட்டி வழியனுப்பிய அதே பிளாட்பாரத்தில் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவேன். இது சத்தியம்.

உன் பக்கத்து மெஷின் தோஸ்த்,
இப்போது நஸ்ரீனுக்கும் அம்மா,
செல்வி