மூக்கு நீண்ட வண்டி

நவம்பர் 3, ஞாயிறு

மூன்று மணிக்கு வீட்டுவண்டிக் குடியிருப்பின் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். மூன்றேகாலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே வண்டியை நிறுத்தி அதிலேயே வாழ்வதற்கென்று பதினோரு வருடமாக என் பெயரில் ஒரு மனை இருக்கிறது. நான் ஊன்றிய எலுமிச்சை மரம் வாசலிலிருந்தே தெரியும். சரி, எனக்கு இப்போது தெரியாது, என் மனைவி லொரீனுக்குத் தெரிந்தது.

காவலுக்கு இருக்கும் எஃப்ரெயின் நல்ல மனிதன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சார், உங்க பஸ் எங்க?"

"கண்ணு போச்சு, வித்துட்டேன். இனிமே இதுதான். லொரீன் ஓட்டுவா."

"இது சி வகையாச்சே சார். நீங்க உள்ள போலாம். வண்டிதான் போக முடியாது."

எனக்கு இந்த விதி தெரியாமல் இல்லை. அது வாடகைக்கு வந்து போகிறவர்களுக்கு, சொந்த மனை வைத்திருப்பவனை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஏ வகை என்றால் நான் விற்ற வீட்டு பஸ் போல முகம் தட்டையாக இருக்க வேண்டும். சி வகை என்றால் வேன் மாதிரி மூக்கு, ஓட்டுபவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை. உள்ளே என்ன வித்தியாசம்? அதே அடுப்பு, அதே கழிப்பறை, அதே இரண்டு கிழங்கள்.

இப்போது சாலைக்கு எதிரே, வண்டியோடு தங்க இடம் தரும் கவுன்டி அரசின் பூங்காவில் நிற்கிறோம். சரளைக்கல் தரை. பத்தொன்பது வருடமாக ஒரு வழக்கம்: வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்ததும் லொரீன் குளிர்ந்த பீர் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டியவன் கையில் கொடுப்பாள். இன்று ஓட்டியவள் அவள்தான். யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

நவம்பர் 4

தடித்த மார்க்கர் பேனாவால் எழுதுகிறேன். அப்போதுதான் எழுதியது எனக்கே தெரிகிறது. ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான். கோபப்பட்டால் நோட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

குடியிருப்பு ஆபீஸில் இருக்கும் கேண்டஸ் விதிப்புத்தகத்தை நீட்டினாள். பூதக்கண்ணாடி வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். தட்டை முகம். இருபத்தெட்டு அடிக்குக் குறையாத நீளம். பத்து வயதுக்குள். மற்ற எந்த வண்டியும் மனையில் தங்கக் கூடாது. பகலில் வந்து உட்கார்ந்துகொள்ளலாமாம். பெரிய மனசு.

ஒஹாயோ வீட்டை விற்றுத்தான் இந்த மனையை வாங்கினோம். கோடையில் ஊர் சுற்றுவது, குளிர்காலத்தில் இங்கே வந்து கால் நீட்டுவது. பூமியில் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அந்த இடத்தில் படுத்துத் தூங்க எனக்கு உரிமை இல்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.

நவம்பர் 7

எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டேன். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகச் சொன்னாள் கேண்டஸ். வீடு இதுதான் என்றேன்.

நவம்பர் 11, திங்கள்

ஐந்து மணிக் கூட்டம் பக்கத்து மனையில், பர்க் லிண்ட்குவிஸ்ட் இடத்தில். அவரவர் நாற்காலி, அவரவர் குடி. எல்லோரும் கோல்ஃப் வண்டியில் வந்தார்கள். நாங்கள் மட்டும் நெடுஞ்சாலையைக் கடந்து, மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனோம். பிச்சைக்காரர்களுக்கு நாற்காலி மட்டும் மிச்சம் என்கிற மாதிரி.

பர்க்தான் இந்த வருடம் மனைக்காரர்கள் அசோசியேஷன் தலைவன். எட்டு வருடமாக என்னோடு சீட்டு விளையாடுகிறவன்.

"ஓரின், உனக்காக விதியை வளைச்சா, நாளைக்கு ஒருத்தன் கோழிக்கூண்டை இழுத்துட்டு வருவான்."

"என் வண்டி கோழிக்கூண்டா?"

"அப்படி நான் சொல்லலியேப்பா."

"இப்பதான சொன்னே."

எல்லோரும் சிரித்தார்கள். லொரீனும் சிரித்தாள். அதுதான் எனக்கு வலித்தது.

பிறகு பர்க் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "இந்த விதிக்கு ஓட்டு எடுத்தப்ப உன் கையும் மேலதான் இருந்துது. பழைய நோட்ல பேர் இருக்கு."

இருந்தது. 2015-ல். எண்பத்தொன்பதாவது மனைக்காரர் ஒருவர் சி வகையில் வந்தார். வரிசையின் அழகு கெடுகிறது என்று எழுந்து பேசியவனே நான்தான். அடுத்த வருடம் மனையை விற்றுவிட்டுப் போனார். பெயர் நினைவில்லை. அவர் மனைவி பேரீச்சம்பழ ரொட்டி சுட்டுக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. வாங்கித் தின்றுவிட்டுத்தான் கை தூக்கினேன்.

நவம்பர் 28

நன்றி சொல்லும் நாள். வான்கோழியை மதியம் பொதுக்கூடத்தில் பர்க்தான் வெட்டினான். எனக்குத் தொடைக்கறி வைத்தான். நல்ல துண்டு. அதனால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

செயற்குழு முன் என் மனு. மூன்று நிமிடம் கொடுத்தார்கள். கண் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்: ஓரம் தெரியும், நடுவில் மட்டும் புகை. நாற்பதடி பஸ்ஸை இனி ஓட்ட முடியாது, லொரீனுக்கு அவ்வளவு பெரிய வண்டி வராது, அதனால் சின்னது வாங்கினேன், கருணை காட்டுங்கள் என்றேன். வாயைத் திறந்து கருணை என்று கேட்டேன். எழுபத்து மூன்று வயதில்!

ஐந்து பேர். ஐந்து ஓட்டும் 'கூடாது' என்றுதான்.

பர்க் என்னைப் பார்த்துக் கை தூக்கினானா, வேறு பக்கம் பார்த்தானா? எனக்குத் தெரியாது. அவன் முகம் இருக்கிற இடத்தில் புகைதான்.

வெளியே வந்து, "வித்துடலாம். நாளைக்கே கேண்டஸ்கிட்ட சொல்லி போர்டு மாட்டச் சொல்றேன்" என்றேன். லொரீன் வாகன நிறுத்தத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேற என்னதான் பண்றது?"

"அந்த பஸ்ஸை விக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டு என்ன ஆகப்போவுது? உன்னால அதை ஓட்ட முடியாது."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்ல."

"அதான். நீயே சொல்லி, நீயே வித்து, நீயே வாங்கி, இன்னைக்கு அஞ்சு பேர் முன்னாடி 'அவளுக்கு வராது'ன்னும் சொல்லிட்ட. நான் பின் வரிசையில உக்காந்திருக்கேன், ஓரின். பத்தொன்பது வருஷம் நம்ம பஸ் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி நின்னு கை காட்டினவ நான். பஸ் எங்க முடியுதுன்னு உன்னைவிட எனக்குத்தான் தெரியும்."

இங்கே எல்லா மனையிலும் ஆண்தான் ஓட்டுவான், பெண் பின்னால் நின்று கை காட்டுவாள். யாரும் எழுதி வைத்த விதி இல்லை.  

டிசம்பர் 6

அவள் பேசவில்லை.

டிசம்பர் 7

இன்றும் இல்லை. முட்டை மட்டும் பொரித்து வைத்தாள். என் தட்டில் உப்பு கிடையாது.

டிசம்பர் 13

காலையில் எட்டு மணிக்குக் கிளம்பிப் போகிறாள், மதியம் வருகிறாள். நாலு நாளாக இப்படி. இன்றுதான் சொன்னாள். டெல்ஃபினா என்று ஒரு பெண், முப்பது வருடம் சரக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவள், கண்காட்சி மைதானத்தில் பெரிய பஸ் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாளாம்.

இந்த வயதில் என்ன விஷப்பரீட்சை என்று கத்தினேன். காதில் வாங்காமல் சாண்ட்விச் செய்துகொண்டிருந்தாள்.

டிசம்பர் 17

நானும் போனேன். பயிற்சி பஸ்ஸுக்குள் சோபாவில் உட்கார வைத்தார்கள். முதல் திருப்பத்திலேயே "பாத்து, பின்சக்கரம், பின்சக்கரம்" என்றேன். டெல்ஃபினா திரும்பாமலே சொன்னாள்:

"பின்னாடி இருக்கற ஐயா மூச்சு விடலாம். அதுக்கு மேல எதுவும் வேணாம்."

லொரீன் தோள் சிரிப்பில் குலுங்கியது. பிறகு முப்பத்தெட்டு அடி பஸ்ஸை ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்தாள். ஒரு கூம்பு விழுந்தது. இரண்டாம் தடவை எதுவும் விழவில்லை. நான் எங்கள் முதல் பஸ்ஸை வாங்கிய வருடம் ஒரு தண்ணீர்க் குழாயை முறித்தேன், பிறகு ஒரு அஞ்சல் பெட்டி, பிறகு பர்க்கின் கற்றாழை. ஒவ்வொரு தடவையும் நீ சரியாகக் கை காட்டவில்லை என்று அவளைத்தான் திட்டினேன். இடது என்றால் யாருடைய இடது என்று ஊரே கேட்கும்படி.

வெட்கமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 18

சொன்னேன். "கற்றாழைக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?" என்று கேட்டாள். எல்லாத்துக்கும் என்றேன். உப்பு வந்தது.

ஜனவரி 9, வியாழன்

மூக்கு நீண்ட வண்டியைக் கொடுத்துவிட்டு ஏ வகை ஒன்றை எடுத்தோம். முப்பது அடி, ஆறு வயது. சாவியை விற்பனைக்காரன் என்னிடம் நீட்டினான். பழக்கதோஷத்தில் நானும் கை நீட்டினேன். லொரீன் நடுவில் வாங்கிக்கொண்டாள்.

விதி மேல் எனக்கு இன்னும் எரிச்சல்தான். முகம் தட்டையாக இருந்தால் யோக்கியன், மூக்கு இருந்தால் அயோக்கியன். எண்பத்தொன்பதாம் மனைக்காரரின் முகவரி பழைய பதிவேட்டில் இருக்கிறதா என்று கேண்டஸிடம் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

எஃப்ரெயின் கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தான். எனக்கல்ல.

மனைக்கு வந்ததும் நான் இறங்கி, எலுமிச்சை மரத்தருகே நின்று கை காட்ட ஆரம்பித்தேன். வா வா, இடது, இன்னும் இடது. வண்டி நின்றது. ஜன்னலிலிருந்து குரல்.

"ஓரின், என் சைடு கண்ணாடி உனக்குத் தெரியுதா?"

"இல்ல."

"அப்ப எதைப் பாத்துக் கை காட்டற?"

"சும்மாதான்."

"போய் உக்காரு."

நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். பர்க் தன் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, கற்றாழைக்கு முன்னால் காவல் மாதிரி நின்றான். அவள் ஒரே மூச்சில் உள்ளே எடுத்தாள். குழாயும் மரமும் தப்பின. கற்றாழையும்தான். பர்க் என் பக்கம் குனிந்து, "என் பொண்டாட்டி பாத்துட்டா. என் கதி அவ்வளவுதான்" என்றான்.

என்ஜின் நின்றது. ஐஸ் பெட்டியில் கையை விட்டுத் துழாவி ஒரு பீர் எடுத்தேன். கைப்பிடியைத் தடவிப் பிடித்து இரண்டு படி ஏறினேன். அவள் இன்னும் இருக்கையில்தான் இருந்தாள், இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

கொடுத்தேன்.