முதுகு மட்டும் வரைந்த படம்

என் மகள் மாலயாவுக்கு, அம்மா நுயாலியா எழுதுவது. நானும் உன் மகள் அர்னாக்கும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், நீயும் அந்த நகரத்துச் சூட்டில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். கல் செதுக்கும் தூசியில் இருமல் விடவே இல்லை, அதனால் இந்தக் குளிர்காலம் முழுக்கக் கல்லைத் தொடாமல் பென்சிலைப் பிடித்தேன். அதுதான் வினையாகிவிட்டது.

அங்கே ஏதாவது கடையில் என் படம் தொங்குவதை நீ பார்ப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன்னை வரைந்துவிட்டேன். நீ விமானத்துக்கு நடந்துபோன அன்றைக்கு, முதுகில் குழந்தை சுமக்கும் அமௌதி அங்கியைப் போட்டுக்கொண்டு, உள்ளே குழந்தை இல்லாமல். அச்சுக்கூடத்துக்கு ஒரு கட்டுப் படம் கொடுத்திருந்தேன், ஆந்தையும் கரடியுமாக, அத்தனையிலும் அங்கே வேலைசெய்யும் பௌலூசி இதைத்தான் பொறுக்கி அச்சுக்கல்லில் வெட்டினான். கடைசியில் வேண்டாமென்று சொல்லப் போனேன். “இப்ப வந்து சொல்றியே அத்தை, ஐம்பது தாளும் அடிச்சு, இனி யாரும் அடிக்காதபடி கல்லையும் கீறிப் போட்டாச்சு” என்றான். அவன் வெட்டுவது எனக்கு முன்பே தெரியும். படம் நன்றாக வந்திருந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய தப்பு முன்பே செய்ததுதான். உன் குழந்தைக்கு மறைந்த என் அம்மாவின் பெயரை வைத்தோம், நம் வழக்கப்படி அன்றிலிருந்து அவள் எனக்கு அம்மா, அப்படித்தான் கூப்பிடுகிறேன். படிக்கப் போகும்போது அவளையும் கூட்டிப்போகிறேன் என்று நீ கேட்டாய். “எங்கம்மாவ ரெண்டாம் தடவையும் எங்கிட்டேர்ந்து பிரிக்காதடி” என்று அழுதேன், ஊரே என் பக்கம் பேசியது. பதினெட்டு வயதுப் பெண் நீ என்ன செய்வாய், கொடுத்துவிட்டாய். பெயர்தான் என் அம்மாவுடையது, பிள்ளை உன்னுடையது என்று எனக்கு உறைக்கவே இல்லை. விமானப் படியில் நீ திரும்பி நின்றாய், தெரியும். நான் கையுறை விழுந்ததுபோலக் குனிந்துகொண்டேன்.

நேற்று அர்னாக் படத்தைப் பார்த்தாள். அது நீ என்று தெரியும் அவளுக்கு, எட்டு வயதாகிறதே. “இவ ஏன் நம்மளத் திரும்பிப் பாக்கல?” என்றாள். “அவ பாத்தாம்மா, நான்தான் பாக்கல” என்றேன். படத்தில் அந்த முதுகை விரலால் தடவினாள். பிறகு, “நான் அவகிட்டப் போய் இருக்கேன்” என்றாள். என்னைப் பெற்ற தாயே சொல்வதுபோல இருந்தது, சரி என்றேன். கடலில் உறைந்த பனி உருகியதும் கூட்டிவருகிறேன். உன் முகத்தைப் பார்த்துத்தான் அவளைக் கொடுப்பேன், நீ எப்படிப் பார்த்தாலும் சரி.

நீ நன்றாக இருக்க வேண்டும், மாலயா. படுக்கைக்கு ஒரு கனமான போர்வை வாங்கிவை, லேசானதை அர்னாக் தூக்கத்தில் உதைத்துத் தள்ளிவிடுவாள்.

உன் அம்மா,
நுயாலியா