மச்சானுக்கு வந்த ஜப்பான் தேயிலை

காபி சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியே, என் பாசத்துக்குரிய மச்சானே,

நீங்கள் போய் நேற்றோடு ஒரு வருடம். சிவகாசியில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கிறது. உங்கள் பிரஸ்ஸில் மிஷின் ஓய்வில்லாமல் ஓடுகிறது. நீங்கள்தான் இல்லை.

உயிரோடு இருந்தபோது நீங்கள் குடித்த காபியைத் தேக்கி வைத்திருந்தால், வறண்ட வைப்பாறு இருகரையும் புரண்டு ஓடியிருக்கும். அப்பேர்ப்பட்டவர், நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்றே காபியை விட்டீர்கள். மகள் ஈஸ்வரியின் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் உங்கள் ஆசை.

ஜப்பானில் வேலை பார்க்கும் பிள்ளை சும்மா இருப்பாளா? கஃபீன் குறைந்த வறுத்த தேயிலை என்று பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பினாள். முதல் மடக்கு உள்ளே போனதும் என் காதைக் கடித்தீர்கள்: "மாப்ளே, எரிஞ்ச வைக்கோப் படப்ப ஊற வச்ச தண்ணி மாரி இருக்குலே." அடுத்த நிமிடமே போனில் அவளிடம், "அம்புட்டு ருசி தாயி. இனிமே எனக்குக் காப்பியே வேண்டாம்."

இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் முன்பே போய்விட்டீர்கள். கல்யாணமும் இல்லை, காபியும் இல்லை. எதற்கு மச்சான் அந்தத் தவம்? வீட்டில் காபி மணத்திருந்தால், எமனும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு உங்களை மறந்து போயிருக்க மாட்டானா?

நேற்று வருசப் படையல். ஈஸ்வரி வந்திருந்தாள். உங்கள் படத்துக்கு முன்னால் அக்கா காபி டம்ளரை வைக்கப் போக, கையில் புதுப் பாக்கெட்டோடு அவள் தடுத்தாள்.

"அப்பாவுக்கு இதுதானம்மா பிடிக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிள்ளையும் திரும்பினாள்.

"மாமா, நெசத்தச் சொல்லுங்க. அப்பாவுக்குப் பிடிச்சுச்சா?"

எதையும் பத்தாகப் பெருக்கும் என் வாய் அப்போது சுருங்கிவிட்டது. "ஒரு மடக்குக்கூடப் பிடிக்கலத்தா. ஆனா ஒரு நா விடாமக் குடிச்சாக."

அவள் கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தாள். பிறகு அக்காவிடமிருந்து டம்ளரை வாங்கித் தானே உங்கள் முன்னால் வைத்தாள்.

"இனி இத யாருக்கு மாமா அனுப்ப?"

"எனக்கு அனுப்புத்தா."

இன்று காலை குடித்தேன். உங்கள் தீர்ப்பில் பிழையே இல்லை மச்சான். என் நெஞ்சோ யானை நெஞ்சு, அதற்கு இந்தப் பத்தியம் தேவையில்லை. ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன்: அவள் அனுப்புகிற காலம் வரை, முகம் சுளிக்காமல் குடிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்,
ஈஸ்வரிக்குத் தாய்மாமன்