டிக் இல்லாத கட்டம்

அன்புள்ள தலைமை நர்சம்மா,

வார்டில் போலவே வீட்டிலும் வேலையைப் பிரித்துக் கொடுத்தாய், அம்மா. பேச்சு வராத அப்பாவுக்குக் காலையில் இன்சுலின் போட்டு, தாளில் டிக் அடிப்பது என் பங்கு.

நேற்று ஊசி போட்டேன். சர்க்கரைக்காரர்தானே என்று டிக்குக்குப் பதிலாக எறும்பு வரைந்தேன். இரட்டை ஷிப்ட் முடித்து வந்த நீ, டிக்கைக் காணாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் இன்னொரு ஊசி போட்டாய். அப்பா முனகியதை வலியென்று நினைத்தாய்.

சர்க்கரை இறங்கி மயங்கியவருக்குக் குளுக்கோஸ் ஏறி, அவர் கண் திறக்கும்வரை டாக்டரிடம், "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போட்டது நான்தான்" என்றே சொன்னாய். எறும்பைக் காட்டிக் கொடுக்கவில்லை. வாயாடி நானும் வாய் திறக்கவில்லை.

இன்று ஏழரைக்குப் போட்டுவிட்டேன். டிக்கும் அடித்திருக்கிறேன். அதை நம்பாதே, தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி என்னைக் கேள்.

உன் வாலு