விருந்து மண்டபத்தில் நான் பேசியது

கோபன்ஹேகன்,
அக்டோபர்

அன்புள்ள ஆர்னாக் அக்காவுக்கு,

பிபாலுக் எழுதுவது. நான் நலம். அம்மாவின் இருமல் நின்றதா?

அப்பாவுக்குப் பல் முளைப்பதாக எழுதியிருந்தாய். என் அறைத்தோழி மெட்டாவிடம் சொன்னேன். "உங்கப்பாவுக்கா? அந்த வயசுல கொட்டத்தானேடி செய்யும்!" என்றாள். அப்பா இறந்த பிறகு பிறந்தவன் உன் மகன், அப்பாவின் பெயரை அவனுக்கு வைத்திருக்கிறோம், இனி எங்களுக்கு அவன்தான் அப்பா என்று விளக்கினேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். இந்த ஊரில் சிரிப்பை நிறுத்திய ஒரே ஆள் அவள்தான்.

நான் நடித்த சிரிப்புப் படம் நம் ஊர் மனீட்சோக்குக்கு வருகிறது, ஊரே சமூகக் கூடத்தில் கூடப்போகிறது, இளவரசனின் மனைவியாக நடித்த மகளைப் பார்க்க அம்மா எல்லாரையும் அழைத்துக்கொண்டிருக்கிறாள் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அதற்கு முன் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருடம் செப்டம்பரில் மூடுபனியால் விமானம் கிளம்பவில்லை. நீங்கள் எனக்காகக் காத்திருந்துவிட்டு அப்பாவை அடக்கம் செய்தீர்கள். அன்றுதான் எனக்கு அரண்மனை விருந்துக் காட்சி. அம்மா அனுப்பிய மணிக் கழுத்தணியைப் போட்டுக்கொண்டு நின்றேன். 'அவள் தன் மொழியில் நீளமாகப் பேசுகிறாள்' என்பதற்கு மேல் திரைக்கதையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இயக்குநர் தொர்பென், "என்ன வேணும்னாலும் பேசும்மா. யாருக்குப் புரியப்போகுது? சீக்கிரம் மட்டும் முடிச்சிடாதே" என்றார்.

நான் அப்பாவிடம் பேசினேன். உங்கள் படகைக் கரையேற்றிவிட்டார்கள் என்றேன். உங்களுக்கு மண் போடும் நேரத்தில் இரவல் பட்டில் நிற்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அதற்குள் காட்சிப்படி அரசர் குறட்டை விட, இளவரசன் தூங்கிச் சூப்பில் முகத்தைக் கவிழ்க்க, படப்பிடிப்பில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒரு சொல்லும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். அரண்மனைப் படத்தில் கிரீன்லாந்து மொழி ஒலிக்கிறதே என்று பத்திரிகைகள் பாராட்டுகின்றன. முதல் காட்சியன்று பக்கத்து இருக்கை அம்மாள் கண்ணைத் துடைத்தபடி என் கையைப் பிடித்தாள். "அய்யோ, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதும்மா! அப்படி என்னதான் பேசினே?" வாழ்த்துரை என்றேன்.

கீழே மொழிபெயர்ப்பு போடச் சொல்லித் தொர்பெனிடம் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. நான் பேசியது என்னவென்று கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. ஆனாலும், "போட்டா சாவு வீடாயிடும்மா. சிரிப்புப் படம் இது. உங்க ஜனங்களுக்கும் இதுல ஒரு இடம் கிடைச்சிருக்குன்னு சந்தோஷப்படு" என்றார்.

இங்கே யாருக்கும் புரியாது. நம் கூடத்தில் எல்லாருக்கும் புரியும். அம்மா தயாராக இல்லாமல் அதைக் கேட்கக் கூடாது. இந்தக் கடிதத்தை முதலில் அவளுக்குப் படித்துக் காட்டு. அதன் பிறகு அவள் வர மறுத்தால் வற்புறுத்தாதே.

நீ மட்டும் எப்படியாவது போ. முன்வரிசையில் உட்கார். அந்தக் காட்சிக்குப் போட்டிருக்கும் வேடிக்கை இசையைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகளை யாரும் அதட்ட வேண்டாம். அப்பாவை நன்றாகப் போர்த்தி மடியில் வைத்துக்கொள். நான் பேச எழும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தால், கொஞ்சம் எழுப்பிவிடு, அக்கா.

உன் தங்கை,
பிபாலுக்