மெதுவாகப் பேசத் தெரியாதவளுக்கு

சம்பந்தி வீட்டிலிருந்து குற்றாலத்து மங்குஸ்தான் ஒரு கூடை வந்திருக்கிறது. என் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஒரு பழத்தை உரித்தேன், விரலெல்லாம் கறை. உன் மஞ்சள் சேலை ஞாபகம் வந்து, இந்த வயதிலும் எனக்கு முகம் சுட்டது.

எழுபதுகளின் கடைசி. தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எனக்குக் கல்யாணமாகி, சீசனுக்காகக் குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். புதுப்பெண்ணைப் பார்க்கிறேன் பேர்வழி என்று நீ மங்குஸ்தானோடு வந்தாய். வாசலில் நின்று நீ ஒன்றை உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் உள்ளே என்னிடம் சொன்னார்: "எங்கப்பா தூக்குல தொங்கிருவேன்னாரு. அதான் தாலியக் கட்டினேன். ஒன்னைப் புடிக்கல." பழம் உன் சேலையிலேயே நசுங்கியது. மறுநாள் அவர் பம்பாய்க்கு ரயிலேறினார். திரும்பி வரவேயில்லை.

புருஷனுக்குப் பிடிக்காதவள் என்று எந்த வாயால் வெளியில் சொல்வது? வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். மாதா கோயிலில் யாராவது விசாரித்தால் கூனிக் குறுகிப் போவேன். நீயும் எனக்காகக் கூசாமல் புளுகினாய், "நேத்துக்கூட டிரங்க் கால் போட்டாரே!" என்று.

தனியாக இருக்கும்போது மட்டும் சண்டை பிடிப்பாய். "கோர்ட்டுல எழுதி வாங்கிட்டு வேற ஆளக் கட்டுட்டி."

"கோர்ட்டு பிரிச்சாலும் கோயில் பிரிக்காது."

"என்ன கோயிலோ!" என்று ஹெட்போனைக் கழற்றி வைப்பாய். உனக்குக் கோபம்தான். ஆனால் கடவுள் போட்ட முடிச்சை மனிதன் அவிழ்க்க முடியாது என்பதுதான் நான் படித்த ஞானோபதேசம். அதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

புதிதாக வந்த பங்குச் சாமியார்தான் மீதியைச் சொன்னார். கோயில் முடிச்சை அவிழ்க்காது. முடிச்சு விழுந்ததா என்று வேண்டுமானால் விசாரிக்கும். மனச் சம்மதம் இல்லாமல் கட்டியிருந்தால் அது கல்யாணமே இல்லை. அதற்குக் காதால் கேட்ட சாட்சி வேண்டும் என்றார்.

நீ வந்தாய். ஆயர் இல்லத்தில் உன்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் வராந்தாவில். டிரங்க் காலில் கத்திப் பழகிய தொண்டையைக் கதவா தடுக்கும்? "ஒன்னைப் புடிக்கலன்னு சொன்னான் சாமி! என் காதால கேட்டேன். அன்னைக்குப் பட்ட கறை, இன்னும் போகல, பாருங்க!" இதைக் காட்டத்தான் அந்த மஞ்சள் சேலையையே உடுத்தி வந்திருக்கிறாய்! செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

பஸ்ஸில் உன்னைப் பிடித்துத் திட்டினேன். "மெதுவாச் சொன்னா என்னட்டி?"

"மெதுவாச் சொல்லிச் சொல்லித்தான இத்தன வருசம் போச்சு," என்றாய்.

அந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிறகு எனக்கும் இவருக்கும், என் மகளின் அப்பாவுக்கு, கோயிலில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். நான் நிமிரவேயில்லை. நெற்றி நிறையக் குங்குமத்தோடு நீ கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டாய், மூன்று ஞாயிறும். "எவளாவது எந்திரிக்கட்டும், பாத்துக்கிடுதேன்."

நேற்று என் மகளுக்கு முதல் ஓலை. தடை என்ற சொல் காதில் விழுந்ததும் என் தலை தானாகக் குனிந்தது. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை. கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ இருந்தார்கள், நீ இல்லை.

இன்று அடுப்படியில், பழக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, மகளிடம் கேட்டேன். "ஏட்டி, அவனுக்கு ஒன்னைப் புடிச்சிருக்கா? ஒனக்கு அவன மெய்யாவே புடிச்சிருக்கா?" உன் தொண்டை எனக்கு எங்கிருந்து வந்ததோ.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "மெதுவாக் கேளும்மா. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுரும்."

"கேக்கட்டும்," என்றேன். "நீயும் சத்தமாச் சொல்லு."